கரைக்குப் பின்னால் வாழ்பவர்கள்: கீழ்ப் பேராக்கின் மண்கரைகளும் தோட்டத் தமிழரும்

ஈப்போ நகரின் நடுவே ஓடும் கிந்தா ஆறு, பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் வழியாகத் தெற்கே இறங்கிப் பேராக் ஆற்றில் கலக்கிறது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளில் பிறக்கும் பேராக் ஆறு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடி, இந்த மாநிலத்தில் பெய்யும் மழையில் பெரும்பங்கைச் சுமந்துகொண்டு, தெலுக் இந்தான் அருகே மேற்கே திரும்பி மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. அதற்குத் தெற்கே, சிலாங்கூருடன் எல்லையாக, பெர்ணம் ஆறு ஓடுகிறது. இந்த இரண்டு ஆறுகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான நிலத்தில்தான் ஊத்தான் மெலிந்தாங்கும் பாகான் டத்தோவும் அவற்றைச் சுற்றிய தோட்டங்களும் கம்போங்குகளும் இருக்கின்றன. தன்போக்கில் விட்டால் அமாவாசை, பௌர்ணமிப் பெருக்குகளில் நனைந்துபோகும் நிலம் அது. அங்கே தென்னையும் செம்பனையும் நிற்பதற்கும், தமிழ்ப்பள்ளியில் மணி அடிப்பதற்கும், மாரியம்மனுக்குத் திருவிழா எடுப்பதற்கும் ஆற்றோரமும் கடலோரமும் எழுப்பிய மண்கரையே ஆதாரம். அந்தக் கரையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையின் வலிமை அதை அன்றாடம் கவனிக்கும் ஆட்களைப் பொறுத்தது. அந்த ஆட்களுக்கு அந்த மண்ணில் நிலையான இடமும், கரையைப் பற்றிய முடிவுகளில் சொல்லும் இருந்தால்தான் கவனிப்பு தலைமுறை தாண்டி நிலைக்கும். கீழ்ப் பேராக்கில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கரை இருக்கிறது, கவனித்தவர்களும் இருந்தார்கள். இடமும் சொல்லும் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கரை என்றதும் ஒரு நீண்ட மண்மேடு நம் கண்முன் வருகிறது. அந்த மேட்டுக்கு உயிர் கொடுப்பது அதன் மதகு. கடலோரத் தோட்டம் ஒன்றில் மழைநீர் முதலில் சிறு கான்களில் இறங்கி, அங்கிருந்து பெரிய கானுக்குப் போய், கடைசியில் கரையில் இருக்கும் மதகுக்கு வந்து சேரும். மதகின் வெளிப்பக்கத்தில் கீலில் தொங்கும் கனமான கதவு ஒன்று உண்டு. கடல் வற்றும்போது உள்ளே தேங்கிய நீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அதே கதவை உப்புநீர் அறைந்து சாத்தும். நாளுக்கு இரண்டு முறை, ஆண்டு முழுக்க, இதுவே நடக்கும். கதவிடுக்கில் ஒரு தென்னை மட்டை சிக்கிக்கொண்டால் போதும், அந்தப் பெருக்கு முழுக்க உப்புநீர் கானில் ஏறிக்கொண்டிருக்கும். கரையின் உடம்புக்குள்ளும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நண்டுகளும், சேற்றைத் தோண்டிக் குவியல் குவியலாக வெளியே தள்ளும் ஒரு வகை இறாலும் கரையைக் குடைகின்றன. கோடையில் களிமண் காய்ந்து விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அடுத்த பெருக்கு அந்த வெடிப்பையும் வளையையும் தேடிப்பிடித்து, முதலில் ஒரு கசிவாக, பிறகு மண்ணை அரித்துவரும் ஊற்றாக மறுபக்கம் வருகிறது. கசிந்து வரும் நீர் தெளிவாக இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். கலங்கி வந்தால் உள்ளிருக்கும் மண் கரைகிறது என்று பொருள், அப்போது ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது. இந்த வேறுபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அறிகிற கண் அங்கே இருந்தாக வேண்டும்.

இந்த வேலைக்கு ஓய்வு என்பதே இல்லாததற்குக் காரணம் கரைக்குள் இருக்கும் நிலம். கடலோரக் களிமண் நீர் வடிந்ததும் சுருங்கி இறுகுகிறது. உள்நாட்டுப் பக்கம் போனால் முழுதாக மட்கிப்போகாத வேரும் இலையும் மரமும் சேர்ந்து உருவான பீட் மண். அதில் கான் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல எரிவதுபோலக் கரைந்துபோகிறது. முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகவும் தரை இறங்குகிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி பீட் மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் ஏறக்குறைய நான்கு மீட்டர் நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலம் இறங்கியிருக்கிறது. உலகக் கடல்மட்டம் கடந்த முப்பது ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி மூன்று மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக உயர்ந்து வருகிறது. வடிக்கப்பட்ட பீட் நிலமோ அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில்கூட இறங்கும். ஆகவே கரைக்குள் இருப்பவருக்குக் கடல் உயர்வதற்கு முன்பே தம் தரை தாழ்ந்துகொண்டிருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கடலோரக் களியில் கந்தகக் கனிமம் இருக்கிறது. நீர்மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் அது காற்றுப் பட்டு அமிலமாகிப் பயிரின் வேரைக் கருக்கிவிடும். தண்ணீர் தேங்கவும் கூடாது, அடியோடு வடியவும் கூடாது. இந்த நடுமட்டத்தைக் காப்பாற்றுவதே இங்கே வேளாண்மை.

இது கடலோரத்தாரின் பாடு, ஈப்போவில் இருப்பவருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கத் தோன்றலாம். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகுக்கே ஈயம் கொடுத்த காலத்தில் மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்து ஈயத்தை அரித்தெடுத்தார்கள். ஈயம் இலண்டனுக்குப் போனது, மீந்த மணலும் சேறும் ஆற்றில் இறங்கின. ஆற்றின் படுகை மேடானது. படுகை மேடானால் அதே அளவு நீர் முன்பைவிட உயரமாக ஓடும், நேற்று போதுமாயிருந்த கரை இன்று போதாது. இதன் கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்துச் சிலாங்கூரில் பழைய கோலகுபு ஊர் காட்டியது. ஈயலம்பங்களின் மண் ஆற்றில் படிந்து படிந்து, 1926 பெருவெள்ளத்துக்குப் பின் அந்த ஊரையே கைவிட்டு, மேட்டில் கோலகுபு பாருவைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதே 1926 டிசம்பர் வெள்ளம் பேராக் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் மூழ்கடித்தது. அதன் பிறகு 1932இல் நீர்ப்பாசன வடிகால் துறை தொடங்கப்பட்டது. 1967 தொடக்கத்தில் கிளந்தான், திரெங்கானு ஆறுகளோடு பேராக் ஆறும் மீண்டும் கரை கடந்தது. 1971 வெள்ளத்துக்குப் பிறகு நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் வந்தது. ஏற்கெனவே 1930இல் கட்டப்பட்டிருந்த செண்டிரோ அணைக்கு மேலே, 1970களின் இறுதியில் தெமெங்கோர் அணை எழுந்தது. வெள்ளத்தைத் தணிப்பதில் இந்த அணைகளுக்கு உரிய பங்கு உண்டு. ஆனால் அணையைப் பார்த்து நிம்மதியடைந்த கண்கள் கரையைப் பார்ப்பதை மறந்தன. தெமெங்கோருக்குக் கீழே பெய்யும் மழையும், கிந்தாவில் வரும் நீரும், கடலிலிருந்து ஏறி வரும் பெருக்கும் அந்த அணையின் கட்டுப்பாட்டில் இல்லை.

இந்தக் கரைகளையும் கான்களையும் வெட்டியவர்கள் யார்? தமிழர் மட்டுமே என்று சொல்வது உண்மைக்கு நியாயம் செய்வதாகாது. சீனக் குத்தகைக் கூட்டங்களும் ஜாவானியரும் பஞ்சாரியரும் இந்தச் சேற்றில் இறங்கி உழைத்தவர்கள். 1930களில் சுங்கை மாணிக் நெல்வயல்களைத் திருத்தியதில் பஞ்சாரியர் உழைப்பு பெரிது. தோட்டம் நிலைத்த பிறகு ஆண்டாண்டாகக் கானைத் தூர்வாரி, கரையில் புல் செதுக்கி, வளையை அடைத்து, மதகைப் பார்த்துக்கொண்ட வேலை பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர் தலையில் விழுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கினார். அந்த வட்டாரத்துத் தோட்டங்களின் பெயர்களே பிளெமிங்டன், நோவா ஸ்கோஷியா, ஸ்ட்ராதிஸ்லா என்று இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிற்கின்றன. கங்காணி முறையில் வந்தவர்களில் பெருந்தொகையினர் தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தார். காவிரிக் கழிமுகத்தில் உடைப்பு அடைக்கப் பழகிய கைகள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, இன்னொரு கழிமுகத்தில் வந்து இறங்கின. மதகும் மடையும் வாய்க்காலும் அவர்களுக்குப் புதியவை அல்ல. இங்கே புதிதாகக் கற்றது கடலின் ஏற்றவற்றத்தை.

அவர்கள் வாழ்ந்த லயன் வீடு முதலாளிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1954ஆம் ஆண்டு வடிகால் பணிச் சட்டம் ஒரு பரப்பை வடிகால் பகுதியாக அறிவிக்கவும், அங்கே நிலம் வைத்திருப்போரிடம் வரி வாங்கவும் வழி செய்தது. வரி கொடுப்பவர் நிலக்காரர், ஆகவே அந்தக் கணக்கில் தெரிகிறவரும் நிலக்காரரே. மூன்று தலைமுறை அதே கரையின் நிழலில் பிறந்து வளர்ந்து மதகைத் திறந்து மூடிய குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் வரி இல்லை, ஆகவே பெயரும் இல்லை. நிலம் கிடைத்த இடத்தில் நிலைமை எப்படி வேறாக அமைந்தது என்பதற்கு வடக்கே கிரியான் மாவட்டத்தில் பாகான் செராய் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே பிரெஞ்சுப் பாதிரியார் ஃபேயின் முயற்சியால் 1880களில் நிலம் பெற்றுக் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கரின் வழியினர் கம்போங் பாத்ரியில் இன்றும் ஊராக இருக்கிறார்கள். தோட்டங்கள் கலைந்தன, அந்த ஊர் கலையவில்லை.

கரைக்கு உழைப்பவரிடம் கரையைப் பற்றிக் கேட்காத வழக்கம் கடல் கடந்து வந்த பின் தொடங்கியதும் அல்ல. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வையைக் கரை உடைகிறது. பாண்டியன் ஊரில் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுக்கிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்கு மண் சுமக்க ஆள் இல்லை என்பதை அரசனின் அளவுகோல் கேட்கவில்லை. பக்திக் கதையாக இதைப் படித்து நெகிழ்கிறோம், நெகிழ்வதில் தவறில்லை. ஆனால் கரையின் பங்கை விதிக்கும் அதிகாரம் ஓரிடத்திலும் அதைச் சுமக்கும் தோள் வேறோரிடத்திலும் இருந்ததை அந்தக் கதை தெளிவாகப் பதிந்து வைத்திருக்கிறது. 1858இல் சென்னை மாகாணத்துக்கென வந்த கட்டாய உழைப்புச் சட்டம் இதையே சட்டநடையில் எழுதியது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்தில் உடல் வலுவுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது. நிலக்கிழாரை அழைக்கலாம் என்று அது சொல்லவில்லை. குடிமராமத்து என்று நாம் பெருமையோடு நினைவுகூரும் மரபுக்குள் இந்தப் பிளவு இருந்தது. சேற்றில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர், கரையால் காக்கப்பட்ட நெல் வேறு வீட்டுக் களஞ்சியத்துக்குப் போனது. அந்த நிலமற்றவர்களில் பலர்தான் மலாயாவுக்கு வந்தார்கள்.

இந்தப் பிளவு உச்சத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் தோட்டங்களின் கதை. மிசிசிப்பி ஆற்றின் கழிநிலத்தில் பருத்தித் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கரை ஒன்றே போதும், வெள்ளத்துக்கு வேறு வடிகால் தேவையில்லை என்ற கொள்கையில் நின்றார்கள். ஏப்ரல் 21 அன்று கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. கடைசி நிமிடம் வரை மணல்மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். சுற்றியிருந்த நிலமெல்லாம் மூழ்கியபின் மிஞ்சியிருந்த மேடு கரை ஒன்றுதான். அதன் மேல் பன்னீராயிரத்துக்கும் அதிகமானோர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், கூடாரம்கூட இல்லாமல் ஒண்டினார்கள். அவர்களை ஏற்றிச்செல்லக் கப்பல்கள் வந்தன. வெள்ளையரை ஏற்றிச் சென்றன. கறுப்பினத்தவரைப் போகவிட்டால் திரும்பி வரமாட்டார்கள், பருத்தி பறிக்க ஆள் இருக்காது என்று தோட்டக்காரர்கள் தடுத்தார்கள். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்க, அந்த மக்கள் கரையிலேயே வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் கழிநிலத்தை விட்டு ஆயிரக்கணக்கானோர் வடக்கே போனார்கள், எந்த ஆளுக்காகக் கப்பல் தடுக்கப்பட்டதோ அந்த ஆளும் நிலைக்கவில்லை. கீழ்ப் பேராக்கில் இப்படி ஒரு கொடுமை நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கரைக்குப் பின்னால் வாழ்பவர் உழைப்பாக மட்டும் எண்ணப்படும் ஏற்பாடு எந்தத் திசையில் சாயும் என்பதையே சுட்டுகிறேன்.

நம்மிடத்தில் உடைந்தது கரைக்கு முன்பு அதைக் கவனித்த ஏற்பாடு. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பத் தொடங்கியபோது வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை அரசுக்காக ஆராய்ந்தவர் உங்கு அஸிஸ். வேலையும் வீடும் இழந்த தொழிலாளரைக் காக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் துண்டாடலை நாம் வேலையின்மைப் பிரச்சினையாக, குடியுரிமைப் பிரச்சினையாகப் பேசியிருக்கிறோம். தாழ்நிலத்தில் அது நீர்ப் பிரச்சினையும்கூட. ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த நிலத்தில் கானும் மதகும் ஒரே அமைப்பு. நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் கான் யார் நிலத்தில் ஓடுகிறதோ அவர் அதை அடைத்து நாலு மரம் கூடுதலாக நடலாம், மேலே இருப்பவரின் நிலத்தில் நீர் நிற்கும். பிறகு கித்தாவும் தென்னையும் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. பழைய குடும்பங்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் போயின. தோட்டத்தில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் சில ஆண்டு அனுமதியில் வந்து தங்குகிறார்கள். எந்தக் கான் எந்தப் பெருக்கில் எதிர்த்து ஓடும் என்பது ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொள்ளும் செய்தி அன்று. கற்றவர் போய்விட்டார், வந்தவர் கற்கும் முன் போய்விடுகிறார். இதோடு உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தும் போனது. ஆகவே கரை ஓரத்துக் குடியானவர் தம் கானைப் பற்றி வாக்கால் தட்டிக் கேட்கக்கூடிய ஓர் உள்ளூர் அவையும் இல்லை.

இங்கே நியாயமான எதிர்வாதங்கள் சில உண்டு. முதலாவது: கரை கட்டுவது பொறியியல், மண்ணின் தாங்குதிறனையும் அலையின் உயரத்தையும் ஊர்க்கூட்டம் முடிவு செய்ய முடியாது, நீர்ப்பாசன வடிகால் துறையிடம் விட்டுவிடுவதே நல்லது என்பது. கரையின் சரிவும் உயரமும் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டியவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொறியியலுக்குத் தரவு வேண்டும், கரை தரும் தரவு நாள்தோறும் மாறுவது. துறையின் பொறியாளர் ஒருவர் தம் பொறுப்பிலுள்ள நீண்ட கரையை ஆண்டில் எத்தனை நாள் நடந்து பார்க்க முடியும்? மேலும் உள்ளூரார் அறிவு சில சமயம் பொறியியலையே திருத்தியிருக்கிறது. வங்காளதேசத்தின் தென்மேற்குக் கரையில் 1960களில் வெளிநாட்டு வல்லுநர் ஆலோசனையோடு பெரிய கரைவளையங்கள் எழுந்தன. வெளியே ஆறு வண்டலைப் படுகையிலேயே போட்டு மேடாகியது, உள்ளே வண்டல் வராமல் நிலம் தாழ்ந்தது, மழைநீர் வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் தேங்கியது. 1990இல் பீல் டகாதியா மக்கள் திரண்டு கரையைத் தாமே வெட்டினார்கள். பெருக்குநீர் வண்டலோடு உள்ளே வந்து நிலத்தை உயர்த்தத் தொடங்கியது. சட்டமீறல் என்று தொடங்கிய அந்த யோசனையைப் பிற்பாடு அரசுத் துறையே ஒரு முறையாக ஏற்றுக்கொண்டது. நெதர்லாந்தில் பொறியாளருக்குக் குறைவில்லை. ஆனாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அங்கே நீர்மன்றங்கள் இருக்கின்றன. இன்று அவற்றுக்கு அங்கே குடியிருக்கும் வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அந்த வாக்கு உண்டு. பொறியாளர் மன்றத்துக்குப் பதில் சொல்கிறார். எங்கள் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சொல்கிறவரின் சொல் பதிவாகும் இடம் ஒன்று இருப்பதால் பொறியியல் அங்கே தாழ்ந்துவிடவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. ஜெண்டராட்டா போன்ற தோட்டங்கள் தொழிலாளருக்கு வாக்குரிமை எதுவும் கொடுக்காமலே நூறாண்டுக்கு மேல் தம் நீர்மட்டத்தைக் கச்சிதமாகக் காத்து வந்திருக்கின்றன, அப்படியானால் பேச்சுரிமைக்கும் கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இதற்கு விடை, அந்தத் தோட்டங்களில் முதலாளியின் இலாபமும் தொழிலாளியின் வீடும் ஒரே தரையில் இருந்தன என்பதே. மரம் மூழ்கினால் இலாபம் மூழ்கும், ஆகவே கரை காக்கப்பட்டது, மரத்தோடு சேர்ந்து லயனும் தப்பித்தது. அந்த ஒற்றுமை நிலம் விற்கப்படும் நாள்வரைக்கும்தான். வாங்குகிறவர் வீடமைப்பாளராக இருந்தால் அவருடைய இலாபம் வீட்டை விற்றவுடன் முடிந்துவிடும், வெள்ளமோ அதற்குப் பிறகுதான் வரும். தாமான் எழுந்து, சாவி கொடுத்து, வீட்டுக்கடன் தொடங்கியபின் பழைய தோட்டத்தின் பெரிய கானும் மதகும் யார் பொறுப்பு என்பது தெளிவற்ற கேள்வியாகிவிடுகிறது. அங்கே வீடு வாங்குகிறவர்களில் தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்களும் உண்டு. வாழ்நாள் முழுக்க இன்னொருவர் நிலத்தில் கரை காத்துவிட்டு, ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு முதன்முதலாகத் தம் பெயரில் ஒரு வீடு வாங்கி, கரை காப்பார் இல்லாத இடத்தில் அவர்கள் குடியேறுவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. நல்ல முதலாளி இருந்தால் போதும் என்ற வாதம், முதலாளி மாறும் நாளுக்கு எந்த ஏற்பாடும் சொல்லவில்லை.

குடிமராமத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறாயா என்று கேட்பவருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கரை காப்பது கூலிக்குரிய, பயிற்சிக்குரிய, ஓய்வூதியத்துக்குரிய வேலை. அதை ஊர்ப்பற்றின் பெயரால் இலவசமாக வாங்குவது வந்தியின் பங்கைத் திரும்ப அளப்பதாகும்.

கடைசி எதிர்வாதத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கடல் உயர்கிறது, நிலம் தாழ்கிறது, கரையை எத்தனை முறை உயர்த்துவது, சில இடங்களைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மக்கள் பின்வாங்குவதே அறிவு என்பது அது. 1980களின் நடுவில் நடந்த தேசியக் கரையரிப்பு ஆய்வு மலேசியாவின் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் கால்பங்குக்கு மேல் அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகக் காட்டியது. கரைக்கு வெளியே கண்டல் காடு அகலமாக நிற்கும் இடத்தில் அலை அந்தக் காட்டிலேயே பெருமளவு ஓய்ந்துவிடுகிறது. காடு அழிந்த இடத்தில் முழு அடியும் மண்கரையில் விழுகிறது. அப்படிப்பட்ட சில இடங்களில் கரையை உள்ளே நகர்த்தி, முன்னால் கண்டல் வளர இடம் விடுவதே நிலைக்கும் வழியாக இருக்கலாம். 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு, இரண்டரை இலட்சம் பேரை வெளியேற்றிய அனுபவத்தோடு, நெதர்லாந்தே ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்துக்கு வந்தது, சில கரைகளைப் பின்னுக்கு நகர்த்தியது. ஆகவே பின்வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எந்தக் கரை பின்வாங்கும், எந்த வீடு வெளியே போகும் என்பதும் ஒரு முடிவு. 1927இல் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பாற்ற அதன் கீழே கேர்னார்வன் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள், மூழ்கிய பகுதியின் ஏழைகளுக்குக் கிடைத்த ஈடு மிகச் சொற்பம். நில உரிமையைப் பார்த்து ஈடு கொடுக்கும் வழக்கமே தொடர்ந்தால், பாகான் டத்தோவில் கரை நகரும் நாளில் தோட்ட நிறுவனத்துக்கு ஈடு கிடைக்கும், ஐம்பது ஆண்டு அங்கே வாழ்ந்த குடும்பத்துக்கு லாரியில் சாமான் ஏற்ற ஒரு தேதி கிடைக்கும். பின்வாங்க வேண்டியிருந்தாலும் சரி, நிற்க வேண்டியிருந்தாலும் சரி, அங்கே குடியிருப்பவரின் சொல் அதில் இருந்தாக வேண்டும் என்பதையே இந்த எதிர்வாதம் எனக்கு உறுதிப்படுத்துகிறது.

இதற்குப் புதிய நாடாளுமன்றச் சட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ள பொருள். வேளாண் நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற ஒப்புதல் கொடுக்கும்போது நிபந்தனை விதிக்க தேசிய நிலச் சட்டத் தொகுப்பு மாநிலத்துக்கு இடம் தருகிறது. தாழ்நிலத் தோட்டம் ஒன்றை மாற்ற அனுமதி கேட்டு வருபவரிடம், அதன் பெரிய கானையும் மதகையும் கரையையும் நல்ல நிலையில் ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு, பராமரிப்புக்கான நிதியையும் கட்டிய பிறகே முதல் வீடு எழலாம் என்று பேராக் அரசு சொல்ல முடியும். வடிகால் பகுதியைப் பற்றி ஆலோசிக்கும் கூட்டத்தில் நிலமில்லாக் குடியிருப்பாளருக்கும், அனுமதிச் சீட்டில் வந்து தங்கியிருக்கும் தொழிலாளருக்கும் நாற்காலி போட முடியும். மதகுக் காவலரை அந்தந்த ஊரிலிருந்தே எடுத்து, மாதச் சம்பளத்தில் வைக்க முடியும். ஒவ்வொரு மதகிலும், கதவு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, பழுது கண்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை மலாய், தமிழ், சீனம், வங்காளம் ஆகிய மொழிகளில் எழுதி மாட்ட முடியும். ஓய்வுபெற்ற தோட்டத்து மாண்டோர்களும் கான்வெட்டிகளும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் எந்தக் கான் எங்கே புதைந்திருக்கிறது, எந்த மதகு எந்த மாதப் பெருக்கில் தொல்லை கொடுக்கும் என்பதை அவர்களிடம் கேட்டு வரைபடத்தில் ஏற்றுவதைத் தமிழ்ப்பள்ளி மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டே செய்யலாம். அந்த வரைபடத்தை மாவட்ட அலுவலகமும் நீர்ப்பாசன வடிகால் துறையும் அலுவல்முறை ஆவணமாக ஏற்க வேண்டும். கீழ்ப் பேராக்கில் அடுத்து விற்பனைக்கு வரும் தோட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.